அர்த்தம் சொல்கிறவள்

“யோவ், என் பொண்டாட்டிய மாத்திரைய நிறுத்தச் சொல்ல நீ யாருய்யா?”

வேன் டிரைவர் பாஸ்டரின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கியபோது, எனக்கு முதலில் காலரை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. முந்தின நாள் மாலை நான் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த சட்டை அது. வெள்ளைச் சட்டையில் காலரை நிறுத்துவது லேசான வேலை இல்லை. முதலில் உள்பக்கம், முனையிலிருந்து நடுவுக்கு, பிறகு வெளிப்பக்கம். அவசரப்பட்டால் ஓரத்தில் மடிப்பு விழுந்துவிடும்.

“நான் சொல்லலப்பா. விடாமப் போடும்மான்னுதான் சொன்னேன்,” என்றார் பாஸ்டர்.

“அப்ப யாரு சொன்னது? காத்து வந்து காதுல சொல்லிட்டுப் போச்சா?” இது டிரைவரின் அண்ணன். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் பிரசங்க மேசையில் கொட்டின. மரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எங்கள் சபை ஹால். எண்பது பேர் இருந்தோம், எண்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். பிறகு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் தலைமைச் சபையிலிருந்து நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்தச் சபை ஒரு கள்ளப் போதகரை எப்படிக் கண்டுபிடித்தது என்று எழுதி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப் போகிறீர்களாம். நல்ல காரியம். எழுதுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்த நாற்காலி ஆடும், கொஞ்சம் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இந்தத் தெருமுனையில் முப்பது வருடமாக இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். தெருவில் எனக்கு ‘நியூஸ்’ என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் நியூஸ். கோபமெல்லாம் இல்லை, பொருத்தமான பெயர்தான். ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்த வீட்டுக்குள் போக வேண்டியதில்லை, அதன் துணி வந்தால் போதும். யார் இளைத்தார், யார் தனியாகப் படுக்கிறார், எந்த மாப்பிள்ளைக்கு வேலை போய் மூன்று மாதமாக ஆபீஸ் சட்டை அழுக்காகவில்லை, எல்லாம் மேசைமேல் வந்து விழும். அப்புறம் பாக்கெட்டுகள். பாக்கெட்டைப் பார்க்காமல் பெட்டியை வைத்தால் பேனா உருகிச் சட்டை போய்விடும், அதனால் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே இருந்ததை மடிப்புக்குமேல் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒரு துண்டுச் சீட்டைக்கூட நான் எடுத்துக்கொண்டது கிடையாது. படிப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் சபையில் ஆராதனை நடுவில் சிலர் பரவசப்பட்டுப் புரியாத மொழியில் பேசுவார்கள். அந்நிய பாஷை என்போம், உங்களுக்குத் தெரியாததா. பேசுகிறவருக்கே என்ன பேசினோம் என்று தெரியாது, அர்த்தம் சொல்ல இன்னொருவர் வேண்டும். பேசுகிறவர் காய்க்கடை அக்கா. கண்ணை மூடினால் கண்ணீர் கொட்டும், பாஷை வரும். பொய் பித்தலாட்டம் தெரியாத மனுஷி, தராசில் ஒரு வெண்டைக்காய் அதிகம் விழுந்தாலும் எடுக்க மாட்டாள். அர்த்தம் சொல்கிறவள் நான்.

இது தொடங்கியது பழைய பாஸ்டர் காலத்தில். அக்கா பேசி முடித்த பிறகு ஹாலில் ஒரு மௌனம் விழும். யாராவது அர்த்தம் சொல்வார்களா என்று எல்லாரும் காத்திருப்பார்கள். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாது. சும்மா இருக்கும் இடத்தில் எதையாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும். ஒரு நாள் எழுந்து, “கலங்காதே, பிரிஞ்சு போனவன் வீடு திரும்புவான்னு ஆண்டவர் சொல்றார்,” என்றேன். பின்வரிசையில் டீச்சர் ஒருத்தி விம்மி அழுதாள். அவள் புருஷன் கோபித்துக்கொண்டு போய் இரண்டு மாதம். அவன் சட்டைகள் முதல் நாள்தான் என் கடைக்கு வந்திருந்தன, வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்று. வியாழக்கிழமை அவன் வந்தான்.

அதற்குப் பிறகு நான் எழுந்தாலே ஹால் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இதில் என்ன கெடுதல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆறுதல்தான் சொன்னேன். விஷயமும் உண்மை. வந்த வழி மட்டும் வேறு.

பழைய பாஸ்டர் ஓய்வு பெற்றபின் இவர் வந்தார். முன்னாள் பஸ் கண்டக்டர். ஆள் பார்க்க ஒன்றும் இல்லை. ஒல்லி, கட்டைக் குரல், வழுக்கை. பிரசங்கத்தில் யாருக்கும் மயிர்க்கூச்செறியாது. “இவரு பிரசங்கம் பண்றாரா, ஸ்டாப்பிங் பேரு சொல்றாரா?” என்று மரக்கடைக்காரர் கேட்டு, ஒரு வாரம் தெருவே சிரித்தது. அந்தப் பேச்சைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வந்தவர் முதல் மாதமே பெண்களுக்குப் புதன்கிழமை வகுப்பு ஒன்று தொடங்கினார். போலிப் போதனைக்கு ஏமாறாமல் இருப்பது எப்படி என்று. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

“கண்டக்டர் வேலைல ஒண்ணு கத்துக்கிட்டேன்மா,” என்பார். “டிக்கெட் எடுக்காதவன் கிழிஞ்ச சட்டையில வர மாட்டான். நல்லா மடிப்புக் கலையாம உடுத்திட்டு, கையில பேப்பர் வெச்சுட்டு, நம்மளப் பாத்துச் சிரிப்பான். இவருகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு நமக்கே கூச்சமா இருக்கும். அந்தக் கூச்சத்துலதான் அவன் ஊரு போய்ச் சேருவான். ஆள் யாரா இருந்தாலும் டிக்கெட்டக் கேளுங்க. என்கிட்டயும் கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கிறவன்தான் சந்தேகப்பட வேண்டியவன்.”

நல்ல வகுப்பு. அந்தக் குறிப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

இனி டிரைவரின் மனைவி. கல்யாணமாகி நாலு வருடம். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிற பெண். பழைய பாஸ்டர் காலத்திலிருந்தே மூன்றாவது வரிசை ஓரம் அவள் இடம். டிரைவர் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவன், சபைக்கு வருவது அபூர்வம். ஒரு திங்கட்கிழமை அவன் சட்டைப் பாக்கெட்டில் மருந்துக்கடைச் சீட்டு இருந்தது. வலிப்பு மாத்திரை, அவள் பெயருக்கு. விஷயம் மாமியாருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும், அந்த மாமியார் அப்படிப்பட்டவள்.

ஆறு நாள் அந்தச் செய்தியை வாயில் வைத்துக்கொண்டு இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அக்கா பாஷையில் பேசி முடித்தாள். எழுந்தேன். “மூணாவது வரிசையில ஒரு மகள் இருக்கா. புருஷனத் தவிர யாருக்கும் தெரியாத ஒரு வியாதி, நின்ன இடத்துல விழவெக்கிற வியாதி. இன்னிக்கு அது உன்ன விட்டுப் போச்சுன்னு ஆண்டவர் சொல்றார்.”

அவள் எழுந்து நின்றாள். வாயை மூடவில்லை. எல்லாரும் பார்க்க, திறந்த வாயோடு அழுதாள். பாவம், அவள் பக்கத்துக் கணக்கும் சரிதான். விஷயம் தெரிந்தவர்கள் அவள், புருஷன், டாக்டர் என்று மூன்று பேர். நான்காவதாக ஒருவருக்குத் தெரிந்திருக்கிறதென்றால் அது கடவுளாகத்தான் இருக்க முடியும். இஸ்திரிக்காரியை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

பாஸ்டருக்கு முகம் சரியில்லை. மறுநாளே அவள் வீட்டுக்குப் போய், டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதே என்று சொல்லியிருக்கிறார். அவளே என்னிடம் வந்து சொன்னாள். “பாஸ்டருக்கு விசுவாசம் பத்தாதுக்கா,” என்று கிசுகிசுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாத்திரையைத் தொடவில்லை. புருஷன் கேட்டால் போட்டேன் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை என்ற வார்த்தையே சபையில் என் வாயிலிருந்து வரவில்லையே, நான் ஏன் நடுவில் போக வேண்டும்?

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் பாஸ்டர் என்னை ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். அவர் மனைவியும் கூட இருந்தாள். ஜெபிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன். போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டார். காய்க்கடை அக்காவின் குரல், பாஷை.

“இதுக்கு அர்த்தம் சொல்லுங்கக்கா.”

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். பொறுமையாக இருங்கள், மூடிய கதவு ஒன்று சீக்கிரம் திறக்கும் என்று. பாஸ்டரின் தம்பி வேலை தேடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

பாஸ்டர் போனை அணைத்தார். “படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு அனுப்ப ஆராதனையப் பதிவு பண்றோம்லக்கா. அதுல இருந்து எடுத்தது. அந்தப் பொண்ணுக்குச் சுகம்னு நீங்க சொன்னீங்களே, அதே பாஷை இது.”

அறையில் ஒரே ஜன்னல். அதையும் பழைய பெஞ்சுகளை அடுக்கி அடைத்திருந்தார்கள். கதவுப் பக்கம் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த அறை அதுவரை அவ்வளவு சின்னதாகத் தெரிந்ததில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தத் தெரியும். “உங்கள அசிங்கப்படுத்த எனக்கு ஆசையில்லக்கா. ஞாயித்துக்கெழம நீங்களே எழுந்து சொல்லிடுங்க. நானும் பக்கத்துல நிக்கிறேன். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் இன்னிக்கே போயிச் சொல்லுங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது. நீங்க சொன்னாத்தான் மாத்திரையத் தொடும்.”

சரி என்று தலையாட்டினேன்.

அன்று போக முடியவில்லை, ஒரு கல்யாண வீட்டுத் துணி வந்து குவிந்துவிட்டது. மறுநாள் அவளே கடைக்கு வந்தாள். கீழுதட்டில் பல் பட்ட காயம்.

“அக்கா, முந்தாநேத்து வந்துச்சு. காலைல மறுபடி வந்துச்சு. யாரும் பாக்கல. பயமா இருக்குக்கா. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுமா?”

மேசைமேல் ஒரு பள்ளிச் சட்டை இருந்தது. அதன் கையை மடித்தபடி யோசித்தேன். என் நிலைமையில் இருந்து பாருங்கள். போட்டுக்கோ என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் அழுவாள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போவாள், மாமியார் பார்ப்பாள், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நிற்கும்போது சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. இந்தத் தெருவில் எந்தச் செய்தியானாலும் முதலில் சொல்வது நான். என்னைப் பற்றிய செய்தியை மட்டும் அடுத்தவர் வாயிலிருந்து நான் கேட்க வேண்டுமா?

“சபைக்கு முன்னால எழுந்து நின்னுட்டு மாத்திரை போட்டா ஆண்டவரையே பொய்யராக்கின மாதிரி ஆயிடும்,” என்றேன். “இது சோதனைக்காலம். ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு. ஞாயித்துக்கெழம ஒரு நல்ல வார்த்தை வரும்.”

“நாலு நாள்தானேக்கா,” என்றாள் அவள். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

“நாலே நாள்,” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் துணி துவைக்கும்போது விழுந்திருக்கிறாள். துணி ஊறப்போட்டிருந்த தொட்டி. தண்ணீர் அரையடிகூட இல்லை. மாமியார் மாடியில் இருந்தாள். சனிக்கிழமை அடக்கம். அந்தத் தொட்டியில் கிடந்த துணிகளை யாரோ அலசிக் காயவைத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் நடுவில் அவை தேய்ப்புக்கு வந்தன. தேய்த்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே டிரைவர் அலமாரியைக் குடைந்து பிரிக்காத அட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்னது. காலரும், பையும், எண்பது பேரும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் சுகம் என்று சொன்னது நான்.

“நீ சொல்லுக்கா,” என்றான் டிரைவரின் அண்ணன். “அது உன்கிட்டதான் எல்லாம் சொல்லும். மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?”

பாஸ்டரும் என்னைப் பார்த்தார். காலர் இன்னும் டிரைவரின் கையில்தான் இருந்தது. அவர் முகத்தில் பயம் இல்லை. என்னமோ எனக்கு உதவி செய்யக் காத்திருப்பவர் மாதிரி நின்றார். பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்னாரே, அப்படி. படிக்கட்டுப் பக்கம் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் நழுவிப் போகவும் வழியில்லை.

“பாஸ்டர் சொன்னாருன்னு சொல்லிச்சு,” என்றேன். “விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு கேட்டாராம்.”

அவளைத் தவிர இதை மறுக்கக்கூடியவர் அவர் மட்டும்தான். அவர் மறுத்தார். யார் கேட்டார்கள்? அந்த இரைச்சலில் காய்க்கடை அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுகை பாஷையாக மாறியது. அவள் எதற்கு அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. செத்துப்போன பெண்ணுக்காக இருக்கலாம். முடிந்ததும் அதே மௌனம் விழுந்தது. நான் சொன்னேன் அல்லவா, அதை என்னால் தாங்க முடியாது.

“ஆட்டுத்தோலப் போத்திக்கிட்டு ஒரு ஓநாய் உங்க நடுவுல நிக்குது. வெளித்தோற்றத்தப் பாத்து ஏமாறாதீங்கன்னு ஆண்டவர் சொல்றார்,” என்றேன். இரண்டாவது வரி அவருடைய வகுப்பில் எழுதிக்கொண்டது.

அப்போது பாஸ்டர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். அந்தப் பதிவைப் போட்டு, சின்ன அறையில் நடந்ததைச் சொன்னால் முடிந்தது. அவர் மனைவி, “போடுங்க, போடுங்களேன்,” என்று அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். அவர் காய்க்கடை அக்காவைப் பார்த்தார். அக்கா முகம் நனைந்து, தான் கடவுளின் வாயாக இருந்ததாக நம்பிக்கொண்டு நின்றாள். போனைத் திரும்பப் பாக்கெட்டில் வைத்துவிட்டார்.

எனக்கு அது இன்றுவரை புரியவில்லை. பதிவைப் போட்டிருந்தால் அக்காவுக்கு என்ன ஆகியிருக்கும், பத்து நாள் அழுதிருப்பாள். இதற்காக ஒரு மனுஷன் தன் பிழைப்பை விடுவானா? ஒரு வேளை தப்பு செய்தவர் அவர்தானோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. அவரைப் படிக்கட்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுச் சாமானை அன்று மாலைக்குள் எடுக்கச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு என் பாட்டைக் கேளுங்கள். ஓநாயைக் கண்டுபிடித்தவள் என்று பெயர் வந்துவிட்டது. ஒருத்தரும் என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை. வீடு மாறலாமா, பெண்ணை அந்த இடத்தில் கொடுக்கலாமா, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார்கள். பாக்கெட்டில் இருப்பதைக்கூட இப்போது அவர்களே எடுத்து என் கையில் கொடுத்து, இதற்கு என்ன அர்த்தம் என்கிறார்கள். தெரியாது என்றால் உபவாசம் இருந்து சொல்லுங்கள் என்கிறார்கள். நடந்தால் கூடவே வருகிறார்கள். கடையை மூடினால் கதவைத் தட்டுகிறார்கள். ஒரு நாள் தாங்க முடியாமல் சாட்சி நேரத்தில் எழுந்து, “நான் சொன்னதெல்லாம் நானா சொன்னது. எனக்கு எந்த வரமும் கிடையாது,” என்றே சொல்லிவிட்டேன். இப்போது முன்வரிசையில் உட்காரும் அந்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு தாழ்மை பாருங்க,” என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

நீங்களும் இப்போது தலையை ஆட்டுகிறீர்கள். தாழ்மை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான். போட்டுக்கட்டுமா என்று அவள் கேட்டபோது வேண்டாம் என்றது நான். பழியை அந்த மனுஷன் தலையில் போட்டது நான். சொல்லிவிட்டேன். எழுதினால் எழுதுங்கள், எழுதாவிட்டால் போங்கள்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா. பாஸ்டரின் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது. மறு வருடம் அவளைக் கட்டிக்கொண்டது ஒரு பஸ் மெக்கானிக்; கல்யாணம் பதிவு ஆபீசில் நடந்ததாம், இங்கிருந்து யாரும் போகவில்லை. அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், அங்கே டிப்போவில் டிக்கெட் சரிபார்க்கும் வேலை என்று கேள்வி. டிரைவர் பதினோரு மாதத்தில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். பெண் பார்த்தபின் என்னிடம்தான் கேட்டார்கள், நல்ல இடம்தான், சரி என்றேன். மாமியாரோடு ஒத்துப்போகாமல் இரண்டு பேரும் தனியாக வேறு ஊர் போய்விட்டார்கள்.

காய்க்கடை அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பாஷை பேசவில்லை. கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் என்னிடம் வந்தாள்.

“ஏம்மா, அன்னிக்கு என் வாயில நெசமாவே அதான் வந்துச்சா? ஓநாய்னா சொன்னேன்? அந்த மனுஷன் எனக்கு ஒரு கெடுதலும் பண்ணலியேம்மா. தூக்கமே வரல.”

“அதேதான்க்கா. ஒரு எழுத்து மாறல,” என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவளுக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று எப்போதாவது தோன்றும். ஆனால் அவள் வெள்ளை மனசுக்காரி, தாங்க மாட்டாள். யாரையும் நோகடிப்பது என் சுபாவத்திலேயே கிடையாது.